காப்புக் கட்டிய ஆஃப் ஸ்பின்னர்

என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் வீட்டுக்காரர் சீனு ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரர். அந்த ஒரு தகுதியை நம்பித்தான் எங்கள் வீட்டில் சம்மதித்தார்கள். ஓசூர் ரோட்டில் ஒரு தொழிற்சாலையின் டீமில் ஆஃப் ஸ்பின் போடுகிறார், அதற்காகவே லேத் பிரிவில் டெம்பரவரி வேலை கொடுத்திருக்கிறார்கள், இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்குப் பெர்மனென்ட் ஆகிவிடும் என்று தரகர் சொன்னார். தரகர் சொன்னதில் அது ஒன்றுதான் பொய்யில்லை என்று நானும் நினைத்திருந்தேன். கல்யாணமான புதிதில் அவருடைய வெள்ளைப் பேன்ட்டில் பந்து தேய்த்த சிவப்புக் கறையைத் துவைத்துத் துவைத்து என் கை காய்த்துப்போனது. அப்போது அலுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு துவைத்ததெல்லாம் மஞ்சள் கறை பிடித்த வேட்டிதான்.

1998-ஆம் வருஷம் தை மாதம், அவருடைய அண்ணன் கிருஷ்ணப்பா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். ஈஜிபுராவில் எங்கள் தெருக்கோடியில் இருக்கிற கெரெ மாரியம்மன் கோயிலுக்கு அவர்தான் பூசாரி. ஒரு காலத்தில் அங்கே ஏரி இருந்ததாம். ஏரிக்குக் கன்னடத்தில் கெரெ. அம்மனுக்குப் பாதிப் பெயர் கன்னடம், பாதி தமிழ். எங்கள் தெரு மாதிரியே. ஏரி வற்றிப் பையன்கள் பந்தாடும் கிரவுண்டாகிவிட்டது. அம்மன் மட்டும் நகரவில்லை.

கிருஷ்ணப்பாவுக்கு இரண்டும் பெண்கள். தீட்டுக் கழிந்த அன்றே கோயில் கமிட்டித் தலைவர் சந்தானம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்.

"உங்க கெளையில ஆம்பள இருக்கற வரைக்கும் பூசை உங்களுக்குத்தான் சீனு. வேற பேச்சே கெடையாது."

"எனக்கு டூட்டி இருக்குது அண்ணே. மேட்ச் இருக்குது. அத்திபெலேல பிரபா இருக்கானே, பங்காளிதானே, அவனே செய்யட்டும். கூப்ட்டா ஓடி வருவான்."

"அவன் உங்களுக்கு அடுத்த கெளை. நீ இருக்கும்போது அவன் கையால அம்மன் தீபாராதனை வாங்க மாட்டா."

அம்மன் இதை எப்போது யாரிடம் சொன்னாள் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. என் மாமியார் சின்னத்தாயி என்னை ஒரு பார்வை பார்த்தார். அடக்கிக்கொண்டேன். சித்திரைத் திருவிழா வரைக்கும்தானே என்று இவர் தலையை ஆட்டினார். தலையாட்டுவது சுலபமான வேலை.

அதோடு வீட்டுக்குள் சிறை வந்தது. விடியலில் ஒரு பூசை, விளக்கு வைக்கும்போது ஒரு பூசை. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் போய்வர முடியுமோ அவ்வளவுதான் அவருக்கு உலகம். பிராக்டீஸ் சாயங்காலம்தான் நடக்கும். அதனால் பிராக்டீஸ் போயிற்று. ஷிப்ட்டுக்குச் சம்பளமில்லாத லீவு. தங்கவயலில் என் தங்கை கல்யாணத்துக்கு வந்தவர், தாலி கட்டுவதற்குள் பஸ் பிடித்துத் திரும்பிவிட்டார். என் மாமா செத்ததற்கு வரவேயில்லை. பூசாரி சாவு வீட்டுக்குப் போகக் கூடாதாம். முடி வெட்டக் கூடாது, மீன் கூடாது. ஆனால் கை சும்மா இருக்காது. வாசலில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை விரலிடுக்கில் வைத்துச் சுழற்றிச் சுழற்றிச் சுவரில் போடுவார். அம்மனுக்கு மாலை கட்ட வைத்திருந்த பழம் அது. மாமியார் பிடுங்கிக்கொண்டு போவார்.

அப்போது நான் ஐந்து மாதம். ஒருநாள் மாமியார் என் வயிற்றைத் தடவிவிட்டு, "பையனா பொறந்தா அடுத்த பூசாரி ரெடி" என்றார். ஆசையாகத்தான் சொன்னார். எனக்கு உள்ளங்கால் வரைக்கும் ஜில்லிட்டது. இவரை வெளியே கொண்டுவராவிட்டால் பிறக்காத ஒன்றுக்கும் சேர்த்துப் பூட்டு விழுந்துவிடும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பங்குனி கடைசியில் தொழிற்சாலை டீமின் மேனேஜர் பாலசுப்ரமணியன் ஸ்கூட்டரில் வந்தார். ஃபேக்டரிகளுக்கு இடையிலான போட்டியில் ஃபைனலுக்கு வந்திருந்தார்கள்.

"சீனு, எங்க ஜி.எம். ஃபைனலுக்கு வர்றார். நீ பந்து போடறதை அவர் ஒரு தடவை பாக்கட்டும். ஜெயிச்சாலும் தோத்தாலும் உன் பேரைப் பெர்மனென்ட்டுக்கு அனுப்பறது என் பொறுப்பு. ஆனா அப்புறம் தினம் ஷிப்ட்டுக்கு வரணும். இந்தக் கோயில் வேலையும் அதுவும் சேர்ந்து நடக்காதுப்பா."

"ஃபைனல் எப்போ சார்?"

தேதியைச் சொன்னார். திருவிழா நடுவில் வந்தது. இவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ஏனென்றால் திருவிழாவுக்குப் பூசாரி கையில் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் துண்டு முடிந்த நூல், வலது மணிக்கட்டில். கட்டிவிட்டால் தேர் நிலைக்கு வந்து அதை அவிழ்க்கும்வரை கோயிலில்தான் படுக்கை, காலில் செருப்பு ஆகாது, முக்கியமாக அம்மனுடைய எல்லையைத் தாண்டவே கூடாது. மூன்று பக்கம் தெருமுனைகள் எல்லை. நான்காவது பக்கம் அந்தக் கிரவுண்டுக்குள்ளேயே முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. சாமி ஊர்வலம் அந்தக் கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். கல்லுக்கு இந்தப் பக்கம் முக்கால் கிரவுண்டு, அந்தப் பக்கம் கால் கிரவுண்டு.

பாலசுப்ரமணியன் நல்ல மனுஷன். விஷயத்தைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். பிறகு, "பிட்ச் எல்லைக்குள்ள தானே இருக்கு? அப்ப ஃபைனலை இங்கயே கொண்டுவந்துடறேன்" என்றார். சொன்னபடியே கொண்டுவந்துவிட்டார்.

கமிட்டி கூடியது. தொழிற்சாலைக்காரர்கள் பந்தலுக்கு சீரியல் லைட்டு போட்டுத் தருவதாகச் சொன்னதும் பாதிப்பேருக்கு மனசு இளகிவிட்டது. ஒருவர் மட்டும், பந்து மாட்டுத் தோலாச்சே, காப்புக் கட்டிய கையால் தொடலாமா என்று கொக்கி போட்டார். சந்தானம் யோசித்துவிட்டு, "பம்பை மட்டும் இன்னா பிளாஸ்டிக்கா? தோலைத் தட்டித்தான அம்மனைக் கூப்புடறோம்? பந்து பரவால்ல. ஆனா ஷூ போடக் கூடாது. கல்லைத் தாண்டக் கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

"தாண்டினா?" என்று நான் கேட்டேன். பெண்பிள்ளை கேட்டதே தப்பு என்பது மாதிரி எல்லாரும் திரும்பினார்கள்.

"தெரியாத மாதிரி கேக்கறியேம்மா. உன் மாமனாருக்கு முன்னாடி பூசை யார் கிட்ட இருந்துச்சு? மூத்த கெளையில. அந்த ஆளு காப்போட சிவாஜி நகருக்கு சினிமா பாக்கப் போனான். அன்னிக்கே காப்பை அறுத்து, பூசையப் புடுங்கி அடுத்த கெளைக்கிட்ட குடுத்தோம். அப்படித்தான் உங்க வூட்டுக்கு வந்துச்சு."

அவர் பயமுறுத்தத்தான் சொன்னார். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

காப்புக் கட்டிய மறுநாள் மத்தியானம் சோறு எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பூசாரி பெண்டாட்டி படிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். இவர் உள்ளே தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்து, மேலெல்லாம் விபூதி. யாரோ ஒருத்தரிடம் பேசுகிற மாதிரி எனக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

"ஏங்க, சந்தானம் அண்ணன் சொன்னது கேட்டுச்சில்ல? மேட்ச்சுல ஜனங்க முன்னாடி ஒரு அடி அந்தாண்ட வைங்க. அறுத்து வுட்டுருவாங்க. பிரபா காத்துக்கினு இருக்கான். அவனுக்கும் சந்தோஷம், நமக்கும் வுடுதலை."

"அம்மா செத்துடுவாங்க ஷோபா."

"அத்தை அவ்ளோ சீக்கிரம் சாக மாட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. கருவறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எனக்கு பயமா இருக்குது. அம்மன் மேல பயமா, ஜனங்க மேல பயமான்னு சொல்லத் தெரியல. ஆனா பயந்தான்."

"எனக்கும் பயந்தான். இதே தூண்ல என் புள்ளை சாஞ்சு உக்காந்துருக்கற மாதிரி தெரியுது எனக்கு" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். அவர் எழுந்து வந்து கண்ணைத் துடைத்திருக்கலாம். காப்புக் கட்டியவர் பெண்டாட்டியைத் தொடக் கூடாது. கையை நீட்டினார், பிறகு மடக்கிக்கொண்டார்.

ஃபைனல் அன்று எங்கள் தெருவே கிரவுண்டைச் சுற்றி நின்றது. அத்திபெலேயிலிருந்து பிரபாவும் பூமூட்டையோடு வந்திருந்தான். அவன் பூ வியாபாரி. எல்லைக் கல்லில் யாரும் இடித்துக்கொள்ளாமலிருக்க அதற்குச் சாக்கு சுற்றியிருந்தார்கள். இவர் வெள்ளைப் பேன்ட்டு, சட்டை, தாடி, நெற்றி நிறைய குங்குமத்தோடு வெறுங்காலில் இறங்கினார். அம்பயர் வந்து, மஞ்சள் நூல் பேட்ஸ்மேன் கண்ணைக் குத்துகிறது, கழற்று என்றார். கழற்ற முடியாது என்று நூறு பேர் ஒரே குரலில் கத்தினார்கள். கடைசியில் பாலசுப்ரமணியன் ஒரு வெள்ளை பேண்டேஜை எடுத்து அதன்மேல் சுற்றிவிட்டார்.

எங்களவர்கள் முதலில் அடித்துச் சுமாராக ரன் எடுத்தார்கள். பிறகு இவர் பந்து போட வந்தார். மூன்று மாதமாக எலுமிச்சம்பழத்தைச் சுழற்றிய விரல். பந்து அவர் சொன்னதைக் கேட்டது. நெருஞ்சி முள் குத்திய காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி ஓடிவந்து போட்டார். நாலு விக்கெட். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜி.எம். குனிந்து பாலசுப்ரமணியனிடம் ஏதோ கேட்டார், பாலசுப்ரமணியன் முகமெல்லாம் பல்லாகப் பதில் சொன்னார். அதைப் பார்த்தபோதே வேலை கிடைத்த மாதிரிதான். இனி வேண்டியது அந்த ஒரு அடி மட்டும்.

வைப்பாரா மாட்டாரா என்று அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் போகிற பந்துகளுக்கெல்லாம் கல்வரைக்கும் ஓடுவார், நின்றுவிடுவார். வேறொருவர் ஓடிப்போய் எடுத்துப் போடுவார். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் தெரு "ஆ" என்று திருப்தியாகப் பெருமூச்சு விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசி ஓவர் வந்தது. அவர்களுக்குக் கடைசி விக்கெட், ஒரு பவுண்டரி அடித்தால் ஜெயித்துவிடுவார்கள். இவர் தன் ஓவர்களை முடித்துவிட்டு மிட் ஆனில் நின்றார். பேட்ஸ்மேன் தூக்கி அடித்தான். பந்து இவர் தலைக்கு மேலே, கல்லையும் தாண்டி, யாருமில்லாத பக்கம் போயிற்று. இவர் திரும்பி ஓடினார். கல் வந்தது. தெரு மூச்சைப் பிடித்தது.

நிற்கவில்லை. கல்லை ஒரு தாண்டு தாண்டி ஓடினார். "எல்லை! எல்லை!" என்று யாரோ அலறினார்கள். பந்தைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடியவர் கடைசி நேரத்தில் தலையைத் தூக்கினார், இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு விழுந்தார், புழுதியில் உருண்டார். எழுந்தபோது பந்து கையில் இருந்தது.

டீம்காரர்கள் கத்திக்கொண்டு ஓடி அவர்மேல் விழுந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு சத்தமில்லை. சத்தமில்லாததைப் பார்த்து அவர்களும் அடங்கி விலகிக்கொண்டார்கள். இவர் அங்கேயே நின்று பேண்டேஜைப் பிய்த்துப் போட்டார், காப்புக் கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"சந்தானம் அண்ணே, தாண்டிட்டேன். வந்து அறுத்துடுங்க."

கல்யாணத்தன்று கூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை. சந்தானம் இடுப்பிலிருந்து பாக்கு சீவும் கத்தியை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்தார். அவருக்கே கண் கலங்கியிருந்தது. பிரபா நேரத்தை வீணாக்கவில்லை. சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிந்தது, முடிந்தது என்று என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். என் மாமியாருக்கு அதுவரை ஒருநாளும் சாமி வந்ததில்லை. மற்ற பெண்கள் ஆடும்போது தண்ணீர் செம்போடு நிற்கிறவர் அவர். அன்றைக்குக் கொண்டை அவிழ, கண் மேலே செருக, கிரவுண்டுக்குள் ஓடினார்.

"அறுக்காதடா! அவன் எங்கடா தாண்டினான்? நான் போனேன்டா முன்னாடி! அவன் என் பின்னாடி வந்தான்! பறந்து போற பந்து சும்மா ஒருத்தன் கையில வந்து உக்காருமாடா? நான் குடுத்தேன்டா!"

அது அம்மனா, என் மாமியாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல மாட்டேன். ஆனால் சந்தானம் கையிலிருந்து கத்தி விழுந்தது. பந்து போன தூரத்தையும் இவர் விழுந்து கிடந்த இடத்தையும் ஒருமுறை அளந்து பார்த்தார். "ஆமா, மனுஷன் புடிக்கற கேட்சா அது!" என்று சொல்லிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். தெருப் பெண்கள் குலவை போட்டார்கள். பம்பைக்காரன் எங்கிருந்தோ அடிக்க ஆரம்பித்தான்.

"இல்லண்ணே, நானேதான் ஓடினேன்! தெரிஞ்சுதான் தாண்டினேன்!" என்று இவர் கத்தினார். பக்கத்தில் நின்ற பிரபாவுக்கு மட்டும் அது கேட்டிருக்கும். அவன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

அம்மன் போன இடமெல்லாம் அம்மன் எல்லை என்று யாரோ சொன்னார்கள். நாலு ஆள் கடப்பாரை கொண்டுவந்து கல்லைத் தோண்டினார்கள். சாக்கோடு தூக்கி வந்து, இவர் நின்ற இடத்துக்கும் அந்தப் பக்கம் குழி பறித்து நட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். இவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு புதுக் கல்லையும் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றார். பம்பை இன்னும் வேகமாக முழங்கியது. கல்லை மறுபடி பிடுங்கி, அவருக்குப் பின்னால் கொண்டுபோய் நட்டார்கள். மறுபடி தாண்டினார். மறுபடி நட்டார்கள். கிரவுண்டுச் சுவர் முதுகில் இடித்தபோது நின்றார். என்னைத் தேடினார். கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்தாரா என்று தெரியவில்லை. நான் கையைத் தூக்கினேன்.

பாலசுப்ரமணியன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இவர் அவரைப் பார்த்ததும், பிழைத்தேன் என்பது மாதிரி, "சார், நீங்களாவது சொல்லுங்க சார்" என்றார். அந்த நல்ல மனுஷன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். கையைக் கூப்பினார்.

"சாமி, எங்க ஷீல்டைக் காப்பாத்திட்டீங்க."

"வேலை சார்... நாளைக்கே ஷிப்ட்டுக்கு வந்துடறேன் சார்."

"உங்களைக் கொண்டுபோய் லேத்து முன்னாடி நிக்க வெச்சா எங்க ஃபேக்டரி உருப்படுமா சாமி?" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்திருந்தார். ஜி.எம். கார் கிளம்புமுன் அம்மனுக்கு ஒரு தேங்காய் கொடுத்தனுப்பினார்.

தேர் நிலைக்கு வந்து காப்பு அவிழ்த்த அன்று வீட்டுக்கு வந்தார். அவிழ்த்தது நூலை மட்டும்தான். வரும் வழியெல்லாம் காலில் விழுந்தவர்கள் கொடுத்த பூவும் பழமும் ஒரு கூடை சேர்ந்திருந்தது. மாமியார் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய் மகனுக்காகப் பாயசம் வைத்தார். இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

இவர் சுவரோரம் உட்கார்ந்து கால் பெருவிரலில் உடைந்திருந்த முள்ளை ஊசியால் கிளறிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

"ஏங்க, கல்லைத் தாண்டிட்டீங்க. அதோட வுட்டுருக்கலாமில்ல? பந்தைக் கீழ போட்டுருந்தா இவ்ளோ பேச்சுக்கு எடமே இல்ல. பாவின்னு சொல்லி அன்னிக்கே அறுத்து வுட்டுருப்பாங்க. மேட்ச்சு தோத்தாக்கூட வேலை உண்டுன்னு சார் சொல்லியிருந்தாரே."

ஊசி நின்றது.

"அதையேதான் நானும் நெனச்சேன் ஷோபா. ஓடும்போதே நெனச்சேன். வுட்டுரணும், வுட்டுரணும்னு சொல்லிக்கினேதான் ஓடினேன்." இரண்டு உள்ளங்கையையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தார். "கைக்கு வந்துச்சு. புடிச்சுட்டேன்."

விளக்கு வைக்கிற நேரம் ஆகியிருந்தது. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார்.